சுவர் தெரிந்தது, கடிகாரம் தெரியவில்லை

போன வருஷம் ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம் என்பதால் பட்டறையில் வேலை கழுத்து வரைக்கும் இருந்தது. கொலுசுக்குச் சலங்கை வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, நெருப்பில் பொரிந்த வெண்காரத் துணுக்கு ஒன்று தெறித்து இடது கண்ணில் விழுந்தது. பெரிய காயம் இல்லை. மருந்து போட்டு, ஒரு நாள் திறக்காதீர்கள் என்று பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றைக் கண்ணுக்கே தேதி பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த நட்சத்திரத்தின் பெயரைக்கூடப் படித்தேன். "மணி என்னங்க ஆச்சு?" என்று வீட்டுக்காரி சமையலறையிலிருந்து கேட்டாள். காலண்டருக்கு இடது பக்கம் ஒன்றரை அடி தள்ளி, கொஞ்சம் மேலே கடிகாரம் மாட்டியிருக்கிறது. பதினைந்து வருஷமாக அதே ஆணிதான். காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓரப்பார்வையில் கடிகாரத்தைத் தேடினேன். காணோம்.

பார்வையைத் திருப்பினால் இருக்கிறது. மறுபடி காலண்டரைப் பார்த்தால் இல்லை. டிக் டிக் சத்தம் மட்டும் வருகிறது. அந்த இடத்தில் கறுப்பாகவோ புகையாகவோ ஏதாவது தெரிந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர் இடைவெளியே இல்லாமல் அங்கேயும் தெரிந்தது. கடிகாரத்தை யாரோ கழற்றிவிட்டுச் சுவரைப் பூசி மெழுகியது போல.

அப்போது அப்பா ஞாபகம் வந்தது.

அப்பாவும் கொலுசு வேலைதான். சிவதாபுரத்தில் வீட்டுத் திண்ணையே எங்களுக்குப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்கள் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். நாங்கள் கொலுசாக்கி, எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். அப்பாவின் கைக்குத் தெருவில் பெயர் உண்டு. அறுபது வயதிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கடுகளவு வளையத்தின் வாயைப் பிசிறில்லாமல் பற்றவைத்துவிடுவார். அதே மனிதர் எழுந்து நடந்தால் காலடியில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பை உதைப்பார். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். "வேலையில இருக்கற கண்ணு நடக்கறப்ப எங்க போகுது?" என்று அம்மா திட்டுவாள். ஒரு கல்யாணத்தில் பக்கவாட்டில் நின்று கும்பிட்ட சம்பந்தியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விட்டார். கொலுசுக்காரருக்குத் தலைக்கனம் என்று ஊர் பேசியது. இரண்டு வருஷம் அந்த வீட்டில் கை நனைக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு இலவச முகாம் போட்டார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். "பெரியவரே, கண் பிரமாதமா இருக்குது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பலகை சோதிப்பது நேர்ப்பார்வையின் நட்ட நடுவை மட்டும்தான் என்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது வலது கண் முழுதாகப் போயிருந்தது. இடது கண்ணில், "மூங்கில் குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்குதுடா" என்றார். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா என்ற நோய், நரம்பு காய்ந்துபோச்சு, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நாங்கள் மூன்று பிள்ளைகள் இருந்தோம். 'வயதானால் வருவதுதானே' என்று மூவரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். நமக்கும் வருமா என்று அந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கட்டைப் பிரித்த மறுநாளே சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் எழுத்துப் பலகை. அப்பா மாதிரியே கடைசி வரி வரைக்கும் படித்தேன். "எழுத்து தெரியறது பிரச்சினை இல்லைங்க, பக்கத்துல இருக்கறது தெரியல. எங்க அப்பாவுக்குக் கிளாக்கோமா" என்று நானே வாயைத் திறந்து சொன்னேன். இந்த ஒரு வரியைச் சொன்னால் சோதனைகளின் போக்கே மாறிவிடுகிறது. கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் ஒன்றும் பிடிபட்டிருக்காது.

மஞ்சள் மருந்து விட்டு, நீல விளக்கில் ஒரு சிறு முனையைக் கருவிழியில் தொட்டு, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்தார்கள். வலது 26, இடது 22. பத்திலிருந்து 21 வரை சாதாரணம் என்பார்கள். கருவிழியின் தடிமனையும் அளந்தார்கள்: 495 மைக்ரான். சராசரியாக 540 போல இருக்குமாம். தோல் மெல்லிசாக இருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும், அதனால் என் 26 உண்மையில் இன்னும் கூடுதலாக இருக்கலாம் என்றார் டாக்டர். 21-க்குக் கீழே இருந்துகொண்டே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று வீட்டுக்குப் போனால் என் அப்பா கதைதான்.

அப்புறம், சுற்றுப்பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட். இருட்டறை. ஒரு கண்ணை மூடி, முகத்தை வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் வைத்து, தாடையைத் தாங்கியில் பதித்து உட்கார வேண்டும். கையில் ஒரு பட்டன். கிண்ணத்துக்குள் அங்கங்கே பொட்டு வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் அழுத்த வேண்டும். "நடுவுல இருக்கற மஞ்ச விளக்கை மட்டும் பாருங்கண்ணா, வேற எங்கயும் தேடாதீங்க" என்றாள் அந்தப் பெண். நான் தேடினேன். ரொம்ப நேரம் எதுவும் வராவிட்டால் பதறிப்போய்ச் சும்மாவும் அழுத்தினேன். முதல் ரிப்போர்ட் செல்லாது என்று மறுபடி எடுத்தார்கள்.

இனி எடுக்கப் போகிறவர்களுக்கு: அந்த இயந்திரம் நம் பார்வையின் விளிம்பைத் தேடுகிறது. தெரிந்தால் வெளிச்சத்தை இன்னும் மங்கலாக்கும், தெரியாவிட்டால் கூட்டும். அதனால் நல்ல கண்ணுக்கும் பாதிப் பொட்டுகள் தெரியாமல்தான் போகும். பரீட்சையில் தோற்கிறோமோ என்று பயப்பட வேண்டாம். கண்ணைச் சிமிட்டலாம். களைப்பாக இருந்தால் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் பல இயந்திரங்களில் சோதனை நின்று காத்திருக்கும். எனக்கு இதை இரண்டாம் முறை போனபோதுதான் சொன்னார்கள்.

ரிப்போர்ட்டில் என் வலது கண்ணின் படத்தில், மேல் பாதியில் மூக்குப் பக்கமாக வில் வளைந்தது போலக் கறுப்பு. என் கடிகாரம் மாட்டியிருக்கும் இடம் அதுதான். இடது கண்ணில் அதே போல ஒரு சின்னத் தேமல் மாதிரி ஆரம்பம்.

நரம்பை ஸ்கேன் எடுத்த படத்தைத் திரையில் வைத்து டாக்டர் விளக்கினார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கொலுசு என்றேன். "அப்ப கம்பி இழுக்கற அச்சு தெரியுமில்ல?" என்றார். தெரியாமலா? இரும்புப் பலகையில் வரிசையாகத் துளைகள். பெரிய துளையில் ஆரம்பித்துச் சின்னத் துளை வரை வெள்ளிக் கம்பியை இழுத்து இழுத்து மெல்லிசாக்குவோம். சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் பலகையை முகத்துக்கு நேரே பிடித்து, துளை வழியே வெயிலைப் பார்த்து அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். கண்ணுக்குப் பின்னால் அதே மாதிரி ஒரு துளைப் பலகை இருக்கிறது என்றார்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் 12 கோடிக்கு மேல். அவை வாங்கியதை எல்லாம் சேர்த்துச் சுருக்கி மூளைக்கு அனுப்பும் கடைசி வேலையைச் செய்பவை கேங்லியான் செல்கள். ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம்தான். கிளாக்கோமாவில் சாகிறவை இவைதான். வெளிச்சத்தை வாங்கும் செல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செய்தி போகும் கம்பிதான் அறுந்திருக்கும். ஒவ்வொரு கேங்லியான் செல்லுக்கும் ஒரு நீண்ட வால் உண்டு. எல்லா வால்களும் விழித்திரையின் மேல்பரப்பில் ஊர்ந்து வந்து, ஒரே இடத்தில் கூடி, செங்குத்தாகத் திரும்பிப் பின்பக்கம் வெளியே போகின்றன. அந்தக் கற்றைதான் பார்வை நரம்பு. வெளியேறும் வாசலில் நாரால் ஆன ஒரு சல்லடை. லேமினா கிரிப்ரோசா என்று பெயர். கிரிப்ரோசா என்றாலே சல்லடை போன்றது என்று அர்த்தமாம்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழிக்கும், அதன் பின்னால் கண் பாப்பாவைச் சுற்றி இருக்கும் கருவிழிப் படலத்துக்கும் நடுவே மூலையில் இருக்கும் வடிகால் வழியாக வெளியே போகும். எனக்கு அந்த வடிகால் திறந்துதான் இருக்கிறது, ஆனால் நீர் சரியாக இறங்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் எந்த இடம் மெல்லிசோ அந்த இடம் முதலில் உப்பும் இல்லையா? கண்ணின் சுவரில் மெல்லிசான இடம் அந்தச் சல்லடைதான். அழுத்தத்தில் அது பின்பக்கமாக வளைகிறது. துளைகள் கோணுகின்றன. துளைக்குள் போகும் வால்கள் நசுங்குகின்றன.

வெள்ளிக் கம்பியாக இருந்தால் நசுங்கினாலும் கம்பிதான். இது உயிருள்ள குழாய். செல்லில் தயாராகும் சரக்கு இந்த வால் வழியாக மூளை வரைக்கும் போகிறது. மூளைப் பக்கத்திலிருந்து செல்லை உயிரோடு வைத்திருக்கும் சத்து அதே வழியில் திரும்பி வருகிறது. சல்லடையில் நெரிசலானால் இரண்டு பக்கப் போக்குவரத்தும் அடைபடுகிறது. அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டமும் குறையலாம். வரவேண்டியது வராமல் போனால் செல் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு, தன்னைத்தானே முறையாகப் பிரித்துப்போட்டு அழிந்துவிடும். வலி இல்லை, சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. மீனுக்குப் பார்வை நரம்பு அறுந்தாலும் மறுபடி வளருமாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சல்லடையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளைகள் பெரிசு, இடையில் தாங்கும் நார் மெல்லிசு. அதனால் அங்கே புகும் கம்பிகள்தான் முதலில் கெடும். அந்தக் கம்பிகள் விழித்திரையில் வில்லாக வளைந்து வருவதால் பார்வையிலும் வில் வடிவத்தில் ஓட்டை விழுகிறது. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழும் என்பதால், கீழ் நரம்பு கெட்டால் மேல் பார்வை போகும். நட்ட நடுப் பார்வைக்கான கம்பிகள் பக்கவாட்டில் நுழைகின்றன. அவை கடைசி வரைக்கும் தாங்கும். அப்பா கடைசி வரைக்கும் கடுகளவு வளையத்தைப் பற்றவைத்தார் என்றால் அதற்குக் காரணம் இதுதான். காலடியில் இருந்த சொம்பு தெரியாமல் போனதற்கும் இதுதான். கல்யாண வீட்டுச் சம்பந்தியிடம் இதை எடுத்துச் சொல்ல இப்போது அவரும் இல்லை.

"இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியலைங்க?" என்றேன். ஒரு கண்ணில் ஓட்டை விழுந்த இடத்தை இன்னொரு கண் பார்த்துக்கொள்கிறது. மீதியைச் சுற்றியிருக்கும் நிறத்தை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது, என் பச்சைச் சுவர் மாதிரி. ஃபீல்டு டெஸ்டிலேயே ஓட்டை தெரியவருவதற்குள் அந்த இடத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை செல்கள் போயிருக்குமாம். ஸ்கேனில் என் வலது கண் நரம்பிழைப் படலத்தின் தடிமன் 64 மைக்ரான். நல்ல கண்ணில் 90, 100 இருக்கும். தகட்டைத் தொட்டே தடிமன் சொல்கிற கை என்னுடையது. என் கண்ணுக்குள்ளேயே இவ்வளவு தேய்ந்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் தமிழ்நாட்டுத் தென்மாவட்டக் கிராமங்களில் நடத்தி 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், கிளாக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பது அதுவரை தெரியாது. அப்பா ஒருவர்தான் ஏமாந்தார் என்றில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பற்றவைப்புப் புகையில் கண் எரியும், சிவக்கும். மூன்று வருஷமாக மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். போட்ட அரை மணியில் கண் வெளுத்துவிடும். அவ்வளவு நல்ல மருந்து என்று பக்கத்துப் பட்டறைக்கும் சிபாரிசு செய்தேன். டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டுங்க" என்றார். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு வடிகாலை மந்தமாக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். குடும்பத்தில் கிளாக்கோமா இருந்தால் அந்த ஆபத்து அதிகம். நிறுத்திய பிறகு வலது 22-க்கு இறங்கியது. செத்த செல் திரும்பவில்லை. என் கண்ணைக் கெடுத்தது பரம்பரையா, அந்தப் பாட்டிலா, இரண்டுமா என்று பிரித்து எடை போட முடியாது என்றார். வெள்ளியையே எடை போட்டுப் பழகியவனுக்கு இந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, அவர் கண்காணிப்பில் போடுகிற ஸ்டீராய்டு வேறு விஷயம். அதை நாமாக நிறுத்தக் கூடாது. கடையில் நாமாகக் கேட்டு வாங்குவதுதான் வினை.

இன்னும் சில பழக்கங்களைக் கேட்டுக் கேட்டு மாற்றச் சொன்னார். நான் இன்னமும் வாயால் ஊதும் ஊதுகுழல்தான் வைத்திருந்தேன். மூச்சைப் பிடித்து ஊதும்போது கண்ணழுத்தமும் அந்த நேரத்துக்கு ஏறும். கேஸ் டார்ச்சுக்கு மாறிவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பேன், யாரோ நல்லது என்றார்கள் என்று. ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் அழுத்தம் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் என்றார். சிரசாசனம் கூடவே கூடாது. நடக்கலாம், நல்லது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒத்திக்கொள்ளச் சொன்ன அத்தையிடம் மட்டும் இதையெல்லாம் விளக்கவில்லை. "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு, பூவைச் சாமி படத்துக்கு வைத்துவிட்டேன்.

மருந்து எழுதுவதற்கு முன்னால், "வீசிங் இருக்குதா?" என்று கேட்டார். புகையில் வேலை செய்கிறவன், மார்கழியில் இழுப்பு வரும். அதைச் சொன்னதும் டிமோலால் வேண்டாம் என்றார். கண்ணில் விடும் சொட்டுதானே என்று இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகமாம். அந்த மருந்து மூக்கு வழியாக உள்ளே இறங்கி மூச்சுக்குழாயை இறுக்கும், இதயத் துடிப்பையும் குறைக்கும். எனக்கு லேட்டனோபிராஸ்ட், ராத்திரிக்கு ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று. இரண்டு மூன்று விட்டால் கன்னத்தில்தான் வழியும். கண்ணில் ஒரு சொட்டுக்கே முழுதாக இடம் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி பண்ணி, பாட்டில் முனை படாமல் விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு ஓடாது. இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம்.

முதல் வாரம் என் மூக்கும் நெற்றியும்தான் மருந்து குடித்தன. கொலுசில் கை நடுங்காதவனுக்கு இது வரவில்லை. சுவரோரம் படுத்து, மூடிய கண்ணின் ஓரத்தில் சொட்டை விட்டுவிட்டு அப்புறம் இமையைத் திறந்தால் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதை வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு ஒரே குறை, எனக்கு இமை முடி நீளமாகிவிட்டது. அது அந்த மருந்தின் குணம். கண் கொஞ்சம் சிவப்பதும் அப்படித்தான். அதற்குப் பயந்து பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள் என்றார் டாக்டர். சித்திரையில் சேலத்து வெயிலில் ஜன்னல் ஓரத்தில் வைத்த பாட்டில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திறக்காத பாட்டில் பிரிட்ஜில். திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுவேன். எத்தனை வாரம் தாங்கும் என்பது டப்பாவிலேயே போட்டிருக்கும்.

இப்போது வலது 15, இடது 14. பார்வை கூடவில்லை, கூடாது என்பது தெரியும். ஸ்வீடனில் நடந்த நீண்ட ஆய்வு ஒன்றில், ஒரு பாயிண்ட் அழுத்தம் குறைந்தால் நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று கண்டார்களாம். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. சேதாரம் குறைப்பது போல. எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு ஸ்கேனைத் தனியாகப் பார்ப்பதைவிடப் போன வருஷத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் டாக்டருக்கு விஷயம் இருக்கிறது.

கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். தம்பி வந்துவிட்டான், அவனுக்கு ஒன்றும் இல்லை. அக்காதான் பிடி கொடுக்கவில்லை. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடும்பம். காப்பித் தோட்டத்தில் வேலை. "நான் பழம் பறிக்கற வேகம் உனக்குத் தெரியாதா கண்ணு? பச்சைக் காயில ஒண்ணு கூடக் கலக்காது. என்ற கண்ணுக்கு என்ன?" என்றாள் போனில். அப்பாவும் இப்படித்தான் சொன்னார் என்று சொன்னால் கோபம் வரும். நேரே போனேன்.

முன்பெல்லாம் பைக்கில்தான் போவேன். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் மேலே இருந்து இறங்கும் வண்டி எனக்கு ஓட்டை விழுந்த பக்கத்திலிருந்துதான் வரும். இரண்டு கண்ணும் சேர்ந்து சமாளிக்கிறதுதான். இருந்தாலும் பரிசோதனை பார்க்க நான் தயாராக இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனேன். கோரிமேட்டில் வெயில், பத்தாவது வளைவில் பனி ஆரம்பம்.

சாயங்காலம் மாமா விளக்கைப் போட்டார். பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்: "மழைக்காலம் வந்தாலே பொழுது சாயறப்ப ஒரு பக்கம் தலைவலி. புருவத்துக்கு மேல பிடுங்கும். விளக்கைப் பாத்தா சுத்தி வானவில் மாதிரி கலர் வட்டம். தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்." பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருக்கிறாள். வட்டத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பனியில் எல்லா விளக்கைச் சுற்றியும்தான் வட்டம் தெரிகிறதே.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த நோட்டீசில் இந்தக் கலர் வட்டமும் ஒரு அறிகுறி என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன். ஒரு கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்து வடிகால் மூலையைப் பார்த்தார்கள். அக்காவுக்கு அந்தக் கோணமே குறுகல். என்னுடையது திறந்த வடிகால், அவளுடையது மூடப்பார்க்கும் வடிகால். ஒரே வீட்டில் இரண்டு வகை. அந்தி வெளிச்சத்தில் பாப்பா விரிந்தால் கருவிழிப் படலம் ஓரத்துக்கு ஒதுங்கி வடிகாலை அடைக்கிறது, அழுத்தம் எகிறுகிறது, அதனால்தான் வலியும் வட்டமும். தூங்கும்போது பாப்பா சுருங்குவதால் வடிகால் திறந்துகொள்கிறது. மலைக் குளிருக்கு அவள் அடிக்கடி போடும் சளி மாத்திரையும் பாப்பாவை விரிக்கும் ரகம். ஒரு நாள் திறக்காமலே போயிருந்தால் தாங்க முடியாத வலி, வாந்தி. சீக்கிரம் கவனிக்காவிட்டால் ஓரிரு நாளிலேயே நரம்பு செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருக்கும். என்னுடையது வருஷக் கணக்கில் அரித்தது. அவளுடையது ஒரே ராத்திரியில் முடித்திருக்கும்.

லேசரில் கருவிழிப் படலத்தில் ஊசி முனையளவு துளை போட்டார்கள், நீருக்கு மாற்று வழி. ஒரு கண்ணுக்குச் சில நிமிஷம்தான். "சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் அழுத்தம் பார்த்து, சொட்டு கொடுத்து அனுப்பினார்கள். நரம்பு இதுவரை கெடவில்லை என்று ஸ்கேனில் வந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் தட்டுவடை செட் வாங்கிக் கேட்டாள். நானும் இரண்டு தின்றேன்.

இந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி போன் பண்ணினாள். "கண்ணு, இன்னிக்கு நல்ல பனி. ரோட்டு விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுதுடா." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைவலி இருக்கிறதா, கலர் கலராக இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினேன். "இருடா, அவசரப்படாத. மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவருக்கும் தெரியுதாம். பக்கத்து வீட்டுப் புள்ளையக் கேட்டேன், அதுக்கும் தெரியுதாம். வெள்ளை வட்டம்தான்" என்றாள்.